சென்னை–லண்டன்: போக 6 மணி நேரம், திரும்பப் பதினான்கரை மணி நேரமா?

கேள்வி: செப்டம்பரில் மகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து லண்டனுக்கு நேரடி விமானத்தில் செல்கிறேன். காலை 5.30-க்குப் புறப்பட்டு 11.30-க்குச் சேரும் என்றும், திரும்பும்போது பிற்பகல் 1.00 மணிக்குப் புறப்பட்டு மறுநாள் அதிகாலை 3.30-க்குச் சேரும் என்றும் டிக்கெட்டில் உள்ளது. தூரத்தை மணிக்கு 900 கி.மீ. என்ற வேகத்தால் வகுத்தால் சுமார் 9 மணி நேரம்தான் வருகிறது. எது சரி?

பதில்: மூன்றும் சரியல்ல. நீங்கள் போகும்போது பத்தரை மணி நேரமும் திரும்பும்போது 10 மணி நேரமும் பயணம் செய்வீர்கள்.

டிக்கெட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊரின் உள்ளூர் நேரம். செப்டம்பரில் லண்டன் கடிகாரம் நம்முடையதைவிட நாலரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். ஆகவே அங்கே காலை 11.30 என்பது இங்கே மாலை 4.00 மணி. அவ்வாறே, அங்கே பிற்பகல் 1.00 மணிக்குக் கிளம்பும்போது இங்கே மாலை 5.30 ஆகியிருக்கும். இரண்டு முனைகளையும் இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழித்தால் குழப்பமே வராது. திரும்பும் பயணத்தை நவம்பருக்குத் தள்ளிப்போட்டால் மட்டும் கவனம் தேவை: அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை இந்த வித்தியாசம் ஐந்தரை மணி நேரம்.

அடுத்து, உங்கள் வகுத்தல் கணக்கு. சென்னைக்கும் லண்டனுக்கும் இடையே உருண்டைப் பூமியின் மேல் அளந்த மிகக் குறுகிய தூரம் சுமார் 8,230 கி.மீ. அந்தக் கோடு கட்ச், பாகிஸ்தான், ஈரான், காஸ்பியன் கடல், காகசஸ் மலைகள், உக்ரைன், போலந்து, ஜெர்மனி வழியாகச் செல்கிறது. உக்ரைன் வான்வெளி 2022 பிப்ரவரியிலிருந்து பயணிகள் விமானங்களுக்கு மூடப்பட்டிருப்பதால், அந்தக் கோட்டில் அப்படியே பறக்க இயலாது. விமானம் சுற்றிக்கொண்டுதான் போகவேண்டும். மேலும், டிக்கெட்டில் உள்ள நேரம் விமானம் நிற்குமிடத்திலிருந்து நகரும் கணத்தில் தொடங்கி, மறுமுனையில் நிற்குமிடத்தை அடையும்போதுதான் முடிகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து செல்வதும், நெரிசல் மிகுந்த ஹீத்ரோவில் இறங்க முறைக்காக வானில் வட்டமிடுவதும் அதில் அடக்கம்.

போவதற்கும் வருவதற்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காற்றே காரணம். விமானம் பறக்கும் 35,000 அடி உயரத்தில், நடு அட்சரேகைப் பகுதிகளில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் வீசுகிறது. 900 கி.மீ. என்பது காற்றைப் பொறுத்த வேகம். எதிர்க்காற்று மணிக்கு 100 கி.மீ. வீசினால் தரைக்கு மேல் நீங்கள் கடப்பது 800 கி.மீ. மட்டுமே. இது சிறிய விஷயமன்று. 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது, வழக்கமாக ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆகும் நியூயார்க்–லண்டன் பயணத்தை ஒரு பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் 4 மணி 56 நிமிடங்களில் முடித்தது.

துபாய் வழியாகச் சென்றால் தூரம் வெகுவாகக் கூடும் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் இரண்டு கட்டங்களையும் கூட்டினாலும் ஏறக்குறைய 8,400 கி.மீ.தான், கூடுதல் 200 கி.மீ.கூட இல்லை. நேரத்தை விழுங்குவது இடைக் காத்திருப்பும், இரண்டாம் முறை இறங்கி ஏறுவதும். நீங்கள் தனியாகச் செல்வதாக இருந்தால், கட்டணம் சற்றுக் கூடினாலும் நேரடி விமானத்தையே வைத்துக்கொள்ளுங்கள்.