அந்த ஓட்டைய அடைக்காதீங்க (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அண்ணே,

ஈப்போல இருந்து எழுதுறேன், பேர் போட வேணாம். வயசு 51. சின்ன வயசுல ஏர்ஃபிக்ஸ், மேட்ச்பாக்ஸ் கம்பெனிங்களோட, பாகம் பாகமா ஒட்டிக் கட்டுற பிளாஸ்டிக் டேங்க் கிட்டு எல்லாம் ஒட்டித் தள்ளுனவன், கொஞ்சம் காசு சேந்தா டமியா. ஸ்கூல் முடிஞ்சதோட அதையெல்லாம் விட்டாச்சு. போன மாசம் ஒரு கடைல டமியாவோட பழைய 1/35 (நெஜத்துல 35ல ஒரு பங்கு) பேந்தர்ங்கிற ஜெர்மன் டேங்க் பிரிக்காத பெட்டியா கெடச்சுது, விடுவேனா, வாங்கிட்டேன். பாதி கட்டி, கிட்டு கட்டுற ஆளுங்க இருக்குற ஒரு குரூப்ல போட்டோ போட்டா எல்லாரும் சிரிக்கிறாங்க. அடியில ஓட்டை ஓட்டையா இருக்கு, ட்ராக்குக்கு (வீலச் சுத்தி ஓடுற பட்டை) மேல பாடியோட அடிப்பக்கம் மூடாம தொறந்து கெடக்கு, ட்ராக் தொய்யல, இது மாடல் இல்ல பொம்மைங்கிறாங்க. அவமானமா போச்சு, இப்ப புட்டி வச்சு ஓட்டைய அடைச்சுக்கிட்டு இருக்கேன்.

என் பழைய டேங்க் ஒன்ன பரண்ல இருந்து எடுத்தேன், வீல் எல்லாம் உருகி ட்ராக்கோட ஒட்டிப்போச்சு, ஏன்? டிகால் (மேல ஒட்டுற சின்னப் படம்) மஞ்சளாயிட்டா என்ன பண்றது? இந்த வயசுல இந்த ஏக்கம் ஒரு வியாதியா? ஜெர்மன் டேங்க ஆசையா கட்டுறது தப்பா? அப்ப நமக்கு ஒண்ணும் தெரியாது, இப்ப தெரியுதே. கடைசியா, என் மகனுக்கு 10 வயசு, அவனும் பக்கத்துல வந்து உக்காருறான். அவனுக்காக இப்ப வர்ற நல்ல புது கிட்டு ஒண்ணு வாங்கலாமா, இல்ல இதையே சேந்து கட்டலாமா?

தம்பி,

உங்க கடிதம் வந்த நேரம் நானும் இதத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். டமியா கம்பெனிய நடத்துன டமியா ஷுன்சாகு 2025 ஜூலைல தன்னோட 90 வயசுல காலமானார். அந்தச் செய்திய படிச்சதுல இருந்து மனசு டமியா கம்பெனி இருக்குற ஜப்பான் ஊர் ஷிசுவோக்கால கெடக்கு. நான் அங்க போனதில்ல, ஆனா அந்த ஊர்ப் பேர் அச்சடிச்ச பெட்டிங்களோடதான் நான் வளந்தேன்.

சின்னக் கேள்வியெல்லாம் மொதல்ல முடிச்சுடுறேன். ட்ராக் வினைல். அது வளையணும்னு கலக்குற ஒரு எண்ணெப்பசை சமாச்சாரம் வருஷக்கணக்குல மெல்ல கசிஞ்சு, தொட்டுக்கிட்டு இருக்குற பாலிஸ்டைரீன் வீலைக் கரைச்சுடும். உருகுனது உருகுனதுதான். டிகால் மஞ்சளானா ஜிப் கவர்ல போட்டு வெயில் விழுற ஜன்னல் கண்ணாடில ஒட்டி வைங்க, நாளாக ஆக வெளுக்கும். ஏக்கம் வியாதியாங்கிறதுக்கு நான் பதில் சொல்லப்போறதில்ல, ஆசையா இருந்தா கட்டுங்க.

ஆனா புட்டி வச்சு அடைச்சுக்கிட்டு இருக்கேன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அத படிச்சதும் எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சமில்ல. யாரைக் கேட்டு அடைக்கிறீங்க? அந்த ஓட்டை எதுக்கு இருக்குனு சிரிச்சவங்கள்ல ஒருத்தனாவது உங்களுக்குச் சொன்னானா? தொப்புள் அசிங்கமா இருக்குனு யாராச்சும் சிமெண்ட் வச்சு பூசுவாங்களா தம்பி?

கதைய முழுசா கேளுங்க. டமியா ஆரம்பத்துல மரக் கம்பெனி, 1946ல ஷுன்சாகுவோட அப்பா யோஷியோ ஆரம்பிச்சது. அப்பறம் மரத்துல கப்பல், கார் மாடல் செய்ய ஆரம்பிச்சாங்க. 1950கள் கடைசில வெளிநாட்டு பிளாஸ்டிக் கிட்டு ஜப்பான் கடைகள்ல வந்து எறங்க எறங்க மர மாடல் விக்கல. 1960ல இவங்களும் துணிஞ்சு பிளாஸ்டிக்ல யமாட்டோ போர்க்கப்பல் போட்டாங்க, போட்டிக் கம்பெனி கப்பலுக்கு முன்னாடி அது நிக்கல, பெரிய நஷ்டம். அந்த நெலமைல கடைசியா ஒரு தடவை பாத்துடலாம்னு எடுத்ததுதான் பேந்தர் டேங்க். நேர்கோடா சாய்ஞ்ச தகடுங்க, வளைவு கம்மி, அச்சு செய்யத் தோதான உருவம். பெட்டிக்குப் படம் வரைஞ்சது கொமாட்சுசாகி ஷிகேரு, அந்தக் காலத்து ஜப்பான் பசங்க எல்லாருக்கும் தெரிஞ்ச கை. அந்த டேங்க் ஓடும். அதுதான் விஷயமே. உள்ள மோட்டார், கியர், பேட்டரி, பெட்டியத் தொறந்து ஒட்டி முடிச்சா தரைல ஊந்து போகும், ஏத்தத்துல ஏறும். பசங்க அள்ளிக்கிட்டுப் போனாங்க.

இப்ப உலகம் பூரா டேங்க் மாடல்னா 1/35ங்கிறீங்களே, அந்தக் கணக்கு எங்கேருந்து வந்துச்சு தெரியுமா? ரயில் மாடல்ல இருந்து வரல, இன்ச் கணக்குல இருந்தும் வரல. அந்த மொத பேந்தருக்குள்ள நடுத்தர சைஸ் பேட்டரி ரெண்டு நொழையணும், அதுக்கு எவ்ளோ பெரிய பாடி வேணுமோ அவ்ளோ பெருசா செஞ்சாங்க. அடுத்தடுத்து வேற டேங்குங்களும் அதே அளவுல போடலாம்னு நெனச்சப்பதான் ஷுன்சாகு அந்த பேந்தர அளந்து பாக்குறார், நெஜ டேங்குல ஏறக்குறைய 35ல ஒரு பங்கு வருது. அவ்ளோதான். அதுக்கப்பறம் இத்தாலிக்காரன், சீனாக்காரன், கொரியாக்காரன் எல்லாரும் அதே அளவுல போட வேண்டியதாயிடுச்சு. ரெண்டு பேட்டரி போட்ட வழிலதான் இன்னைக்கும் அத்தனை பேரும் போறாங்க, உங்களப் பாத்து சிரிச்சவங்களும் சேத்துதான்.

அடியில இருக்குற ஓட்டை, சுவிட்ச் வெளிய வர்றதுக்கும் பேட்டரி மூடிக்கும் விட்டது. மோட்டார் இல்லாம நிறுத்தி வைக்கிற கிட்டா அதே அச்சுல அப்பறம் ஊத்துனப்பவும் ஓட்டை அப்படியே நின்னுச்சு. ட்ராக் தொய்யாம இருக்குறதும் அது ஓடணும்னு பொறந்ததாலதான், தொய்ஞ்ச வினைல் ட்ராக் தரைல ரெண்டு சுத்துல கழண்டுடும். நீங்க குறைனு நெனைக்கிறதுல பாதி, அந்த டேங்க் தரைல ஓடுன காலத்தோட தடம்.

எங்க அண்ணன் வச்சிருந்தது வாக்கர் புல்டாக்ங்கிற அமெரிக்க டேங்க், மோட்டார் வச்ச டமியா கிட்டு. சிங்கப்பூர்ல அடுக்குமாடி வீடு, நீளமான காரிடார், அந்தக் காரிடார்தான் எங்க போர்க்களம். ட்ராக்கோட ரெண்டு முனையும் சேக்குறதுக்கு ஸ்க்ரூடிரைவர அடுப்புல காட்டி சூடாக்கி, அந்த சின்ன முளைங்கள அமுக்கி உருக்கணும். சூடு கம்மினா ஒட்டாது, கூடுனா ட்ராக்கே அறுந்துடும். அண்ணன் அத செய்யுறப்ப நான் மூச்ச அடக்கிக்கிட்டு நிப்பேன், ப்ளாஸ்டிக் கருகுற வாடை சமையக்கட்டுல வந்ததும் அம்மா கத்த ஆரம்பிச்சுடுவாங்க. பேட்டரி வாங்க காசு இருக்காது, அப்பா டார்ச்சுல இருந்து உருவுவோம், ராத்திரி கரண்ட் போச்சுன்னா மாட்டிக்குவோம். ஒத்த மோட்டார், நேரா மட்டும்தான் போகும், திரும்பாது. நான் காரிடார் கடைசில உக்காந்திருப்பேன், அங்க வந்து சேந்ததும் தூக்கித் திருப்பி வைக்கிறது என் வேலை. அந்தக் கியர் சத்தம் பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பாட்டி வரைக்கும் தெரியும், தொடப்பத்த குறுக்க வச்சு அது ஏறுதா பாருன்னு அவங்களே வேடிக்கை பாப்பாங்க. ஏறும்!

இதுல ஒரு ஆள் கட்டுறவன், ஒரு ஆள் கூட இருக்குறவன். கூட இருக்குறவனுக்கும் வேலை இருந்துச்சு. இதத்தான் நான் எல்லார்கிட்டயும் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனேன். மோட்டார் போனதும் டேங்க் தரைல இருந்து அலமாரிக்கு ஏறிடுச்சு. அலமாரிக்கு ஏறுனதும் அது பெரியவங்க சமாச்சாரம் ஆயிடுச்சு, கண்ணாடிக்குள்ள போயிடுச்சு, தொடாதேனு பசங்க கைய தட்டி விடுறது ஆரம்பமாச்சு. இன்னைக்கு ஆயிரம் பார்ட்டுக்கு மேல வர்ற கிட்டு இருக்கு, ட்ராக்குல ஒவ்வொரு இணைப்பும் தனித்தனியா வெட்டி, தேய்ச்சு, கோக்கணும், முடி அகலத்துக்கு பித்தளைத் தகடு, மூடுனா கண்ணுக்கே தெரியாத எஞ்சின். அழகாத்தான் இருக்கு. ஆனா 10 வயசுப் பையன் அதுல எங்க உக்காருவான்? அவனுக்கு என்ன வேலை குடுப்பீங்க?

இதுக்காக அளவு சரியா இருக்கணும்னு மெனக்கெடுறவங்க எல்லாம் தப்புனு நான் சொல்ல வரல. அதே ஷுன்சாகு 1960கள்ல அமெரிக்கால மேரிலாண்ட்ல அப்ப இருந்த ஆபர்டீன் ராணுவ மியூசியத்துக்குப் போயி அங்க வெயில்ல மழைல நின்ன டேங்குங்கள படம் படமா எடுத்துக்கிட்டு வந்தவர். ஒரு கார் மாடல் சரியா வரணும்னு நெஜ போர்ஷே 911 ஒண்ண வாங்கிப் பிரிச்சுப் போட்ட மனுஷன். துல்லியத்துல அவருக்கு இருந்த வெறி உங்க குரூப்ல யாருக்கும் இருக்காது. அந்த வெறியோடயே, ஒரு பையன் இத முடிக்கணும், முடிச்சு ஓட்டணும்ங்கிற நெனப்பும் அவருக்கு இருந்துச்சு. ரெண்டாவது இல்லாம மொதலாவத மட்டும் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு, ஆசையா போட்டோ போட்டவன பாத்துச் சிரிக்கிறது அற்பத்தனம். அந்தக் குரூப்ல இருந்து வெளிய வாங்க.

ஏர்ஃபிக்ஸ் பத்தி ஒரு வரிதான் எழுதியிருந்தீங்க, அதனால நானும் சுருக்கமா. அவங்க 1961ல பேந்தர், ஷெர்மன், சர்ச்சில்னு டேங்க் போட ஆரம்பிச்சப்ப ரயில் மாடலோட நிக்கிற 1/76 அளவுல போட்டாங்க, மோட்டாருக்கு இடமே கெடையாது. அந்த ட்ராக்குல பசையும் பிடிக்காது பெயிண்டும் நிக்காது. ஆனா இங்கிலாந்துல வூல்வொர்த்ஸ் கடைல வாரக் கைக்காச வச்சுக்கிட்டு ஒரு பையன் தானே வாங்க முடிஞ்சுது, சாயங்காலத்துக்குள்ள கட்டி முடிச்சு சோல்ஜர் பொம்மைங்களோட தரைல எறக்கவும் முடிஞ்சுது. அதுவும் தரைல வெளையாடுனதுதான்.

அப்பறம் ஜெர்மன் டேங்க். அப்ப நமக்கு ஒண்ணும் தெரியாதுங்கிற பேச்ச விடுங்க தம்பி. பத்து வயசுல தெரியாது, சரி. 51 வயசுல தெரிஞ்சுக்கலாமே, யாரு தடுத்தா? பேந்தர் 1943ல ரஷ்யால குர்ஸ்க் சண்டைல மொதல்மொதல்ல எறங்குச்சு, எந்த ஆட்சிக்காக எறங்குச்சு, அந்த ஆட்சி என்ன செஞ்சுச்சுனு உங்க மகனுக்கு கட்டும்போதே சொல்லுங்க. சொல்லிக்கிட்டே கட்டலாம், ஒண்ணும் கெட்டுப்போகாது. சொல்லாம கட்டுறதுதான் தப்பு.

டேங்க் நெஜத்துல என்னனு எங்க அண்ணனுக்கு சொல்லிக் குடுத்தது நேஷனல் சர்வீஸ், சிங்கப்பூரோட கட்டாய ராணுவ சேவை. 1969 தேசிய தின அணிவகுப்புல 18 ஏஎம்எக்ஸ்-13 டேங்க் ஊர்வலமா போச்சுனு எங்க அப்பா சொல்லிச் சொல்லி நாங்க வளந்தோம், அண்ணன் பின்னாடி அதே டேங்குலயே போயி விழுந்தார். மூணு பேர்தான் அதுல, நெருக்கம்னா அப்படி ஒரு நெருக்கம். அது தானா குண்டு லோடு பண்ணிக்கும், பீரங்கிக்குப் பின்னாடி ரெண்டு உருளை, உருளைக்கு ஆறு குண்டு. அந்தப் பன்னெண்டும் தீந்துச்சுன்னா வெளிய எறங்கி வந்துதான் நெரப்பணும். லீவுக்கு வந்தப்ப அண்ணன் இத சொல்லிட்டு, சண்டை நேரத்துல வெளிய வர்றவன யோசிச்சுப் பாருடானு கேட்டார். எனக்கு பதில் தெரியல. ஆனா அதுக்கப்பறமும் கட்டுறத அவர் விடல. கட்டுறப்ப பேசுறது கூடிப்போச்சு, இது வழியாத்தான் டிரைவர் வெளிய வரணும், இது மாட்டிக்கிட்டா அவன் காலின்னு ஒவ்வொரு மூடியா காட்டிக் காட்டி ஒட்டுவார். டேங்குன்னா உள்ள ஆளு இருக்காங்கன்னு எனக்கு அப்பத்தான் உறைச்சுது.

சரி, உங்க மகன். புது கிட்டு வாங்காதீங்க, இதையே கட்டுங்க. உங்க பெட்டில மோட்டார் வந்திருக்காதுனு நெனைக்கிறேன். டமியாவே பசங்க செஞ்சு பழகுறதுக்குனு கியர்பாக்ஸ் செட்டு இன்னும் விக்கிறாங்க, ரெண்டு மோட்டார் வச்சதும் இருக்கு, அது திரும்பவும் செய்யும். வாங்குறதுக்கு முன்னாடி டேங்கோட உள் அகலத்த அளந்துக்குங்க, இடிச்சா உள்பக்கம் கொஞ்சம் செதுக்கிக்கலாம், வெளிய தெரியப்போறதில்ல. வீல் அச்சுல க்ளூ ஏறவே கூடாது, ஒரு சொட்டு ஏறுனாலும் சுத்தாது. அந்த வேலைய பையன்கிட்ட குடுங்க, பசங்க கை சின்னது, பொறுமையா வைப்பான். ட்ராக்க சூடு வச்சு சேக்குறத நீங்க பண்ணுங்க, அவன் பக்கத்துல நின்னு பாக்கட்டும்.

மொதல்ல அந்தப் புட்டிய நோண்டி எடுங்க. காயாம இருந்தா பல்குச்சியே போதும், காய்ஞ்சுடுச்சுன்னா கத்தி முனைய வச்சு ஓரத்துல இருந்து மெதுவா, அவசரப்படாம, இல்லன்னா சுவிட்ச் ஓட்டை பெருசாயிடும்.