அடிநீரில் குறையும் ஆக்சிஜன்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏரியின் மேல்நீர் பகலுக்கும் இரவுக்கும் இடையிலேயே ஓரிரு டிகிரி மாறுகிறது. அப்படியிருக்க, பல ஆண்டுகளில் ஒரு டிகிரி கூடுவதால் மீன்களுக்கு என்ன கேடு?

பதில்: சூட்டை மட்டும் கணக்கில் கொண்டால் உங்கள் ஐயம் நியாயமானதே. ஆனால் பெரும்பாலான பாதிப்பு சுற்றுவழியில் வருகிறது. 10 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்திருக்க முடியும். 30 டிகிரியில் அது 7.6 மில்லிகிராமுக்கும் சற்றுக் குறைவு. மீனுக்கோ நீர் சூடேற ஏற ஆக்சிஜன் தேவை அதிகரிக்கிறது. வரவு சுருங்கும் வேளையில்தான் செலவு கூடுகிறது.

இதைவிட முக்கியமானது, நீர் அடுக்குகளாகப் பிரிவது. மிதவெப்ப மண்டலத்து ஆழமான ஏரிகளில், கோடையில் சூடாகி அடர்த்தி குறைந்த மேல்நீர், குளிர்ந்த அடிநீரோடு கலக்காமல் அதன்மேல் தங்கிவிடுகிறது. அதனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அடிப்பகுதியை எட்டுவதில்லை. மேலிருந்து விழும் இறந்த பாசியைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் அங்கு எஞ்சியிருப்பதையும் தீர்த்துக்கொண்டே இருக்கின்றன. குளிர்காலத்தை ஒட்டி மேல்நீர் குளிர்ந்து ஏரி முழுவதும் புரளும்போதுதான் அந்த இருப்பு மீண்டும் நிரம்பும். காலநிலை வெப்பமடையும்போது இந்த அடுக்குநிலை முன்னதாகவே தொடங்கிப் பிந்தி முடிகிறது. இரவு பகல் மாற்றம் செய்ய முடியாததை, நீடித்து நிற்கும் ஒரு டிகிரி செய்வது இவ்வாறுதான்.

மிதவெப்ப மண்டலத்தின் ஏறத்தாழ 400 ஏரிகளை ஆராய்ந்து 2021-இல் வெளியான ஆய்வின்படி, 1980-க்குப் பின் கரைந்த ஆக்சிஜன் மேல்நீரில் 5.5 விழுக்காடும் ஆழ்நீரில் 18.6 விழுக்காடும் குறைந்துள்ளது. ஆழ்நீரின் வெப்பநிலை பெரிதாக மாறாத நிலையிலும் இழப்பு அங்கேதான் மிகுதி என்பதைக் கவனிக்க வேண்டும். குளிர்நீரை நாடும் டிரவுட் போன்ற மீன்கள், மேலே சூட்டுக்கும் கீழே மூச்சுமுட்டலுக்கும் இடையில் சிக்கிக்கொள்கின்றன.

கேள்வி: ஏரிகள் பச்சையாகிப் போவதற்கு உரக்கழிவு காரணமா, வெப்பமா?

பதில்: அடிப்படைக் காரணம் ஊட்டச்சத்து, அதிலும் குறிப்பாக பாஸ்பரஸ். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆய்வுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகளுள் 226 என்ற எண்ணுள்ள ஏரியை 1973-இல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் திரையிட்டு இரண்டாகப் பிரித்தனர். இரு பகுதிகளிலும் கார்பனும் நைட்ரஜனும் சேர்க்கப்பட்டன. ஒன்றில் மட்டும் பாஸ்பரஸும் சேர்ந்தது. அந்தப் பகுதியே நீலப்பச்சைப் பாசியால் மூடப்பட்டது. ஒரு முழு ஏரியையே சோதனைக் குடுவையாக்கிய அந்தத் துணிவுதான், ஆய்வகக் கண்ணாடிக் கலங்களால் தீராத வழக்கைத் தீர்த்தது என்பது என் கருத்து.

ஆயினும் வெப்பத்தை விடுவித்துவிட முடியாது. ஆக்சிஜன் உள்ளவரை அடிச்சேற்றிலுள்ள இரும்புச் சேர்மங்கள் பாஸ்பரஸைப் பிடித்துவைத்திருக்கும்; அது தீர்ந்ததும் பிடி தளர்ந்து பாஸ்பரஸ் நீரில் கலக்கும். எனவே வெளியிலிருந்து வரும் கழிவை நிறுத்திய பிறகும், அடிநீர் மூச்சிழந்த ஏரி பல ஆண்டுகளுக்குத் தன் பாசிக்குத் தானே உரமிடக்கூடும்.

கேள்வி: கடலிலும் இதேதான் நடக்கிறதா?

பதில்: ஆம், மெதுவாக. 1960-க்கும் 2010-க்கும் இடையில் உலகக் கடல்களின் மொத்த ஆக்சிஜன் சுமார் 2 விழுக்காடு குறைந்தது. கடலின் பரப்பையும் ஆழத்தையும் எண்ணினால் இது சிறிய அளவன்று. கரைதிறன் குறைந்ததோடு, மேல்நீரும் ஆழ்நீரும் கலப்பது தளர்ந்ததும் இதற்குக் காரணம். ஆர்கோ என்னும் பன்னாட்டுத் திட்டத்தின் தானியங்கி மிதவைகள் சுமார் பத்து நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் ஆழத்திலிருந்து மேலேறி வெப்பநிலையையும் உப்புத்தன்மையையும் அளக்கின்றன. அவற்றுள் ஒரு பகுதி ஆக்சிஜனையும் அளக்கிறது. ஏரிகளில் இன்னும் படகெடுத்துச் சென்று நீர் முகந்து வருவதே பல இடங்களில் வழக்கம். சைபீரியாவின் பைக்கால் ஏரியில் 1945 முதல் மிகயில் கொழோவும் அவர் மகளும் பேத்தியும் தலைமுறை தலைமுறையாக அவ்வாறு அளந்துவந்ததால்தான், அதன் மேல்நீர் அறுபது ஆண்டுகளில் 1.2 டிகிரி சூடேறியதை உறுதியாகச் சொல்ல முடிந்தது.