செக்கா, ஸ்லோவாக்கியாவா? குழந்தை பெற்றுக்கொள்ள எந்த ஊர் வசதி?

செக் நாட்டின் பிர்னோவிலும் ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவிலும் வேலை வாய்ப்பு இருக்கிறது, இரண்டு வருஷத்தில் குழந்தை பெற்றுக்கொள்ளும் எண்ணமும் இருக்கிறது, எந்தப் பக்கம் போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் இருப்பது பிர்னோவில். பையன் 2023 நவம்பரில் பிறந்தான். எங்கள் டீமில் பாதிப் பேர் பிராட்டிஸ்லாவாவில் இருப்பதால் அந்தப் பக்கத்துக் கதையும் தினமும் காதில் விழும்.

1992 கடைசி வரை இரண்டும் ஒரே நாடு. அதனால் விதிகளின் எலும்புக்கூடு ஒன்றுதான். மகப்பேற்றுப் பணம் வாங்க முந்தைய இரண்டு வருஷத்தில் 270 நாள் இன்ஷூரன்ஸ் கட்டியிருக்க வேண்டும், பிரசவத்துக்கு ஆறிலிருந்து எட்டு வாரம் முன்பே விடுப்பு தொடங்கும், குழந்தைக்கு 3 வயது ஆகும்வரை வேலை உங்களுக்காகக் காத்திருக்கும். இது இரண்டு பக்கமும் அப்படியே. மகப்பேற்றுப் பணம் செக்கில் 28 வாரம், சம்பளக் கணக்கில் 70 சதவீதம். ஸ்லோவாக்கியாவில் 34 வாரம், 75 சதவீதம். வரி கிடையாது என்பதால் அந்த 75 என்பது கிட்டத்தட்ட கைக்கு வரும் சம்பளம்தான். இதுவரைக்கும் ஸ்லோவாக்கியாதான் மேல்.

அதற்குப் பிறகு வரும் பெற்றோர் உதவித்தொகையில்தான் இரண்டும் பிரிகின்றன. ஸ்லோவாக்கியாவில் அது மாதாமாதம் வரும் நிலையான தொகை: 2020-இல், மகப்பேற்றுப் பணம் வாங்கியவர்களுக்கு 370 யூரோ, மற்றவர்களுக்கு 270 என்று வைத்தார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். செக்கில் மொத்தமாக ஒரு தொகையை ஒதுக்கிவிட்டு, எவ்வளவு வேகமாக எடுப்பது என்பதை நம்மிடமே விட்டுவிடுகிறார்கள். சம்பளம் நன்றாக இருந்தால் மாதம் 25,000 கொருனா (செக் நாணயம்) என்று எடுத்து ஒரு வருஷத்தில் முடித்துவிட்டு வேலைக்குத் திரும்பலாம். ஐ.டி.யில் இருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. அந்த மொத்தத் தொகை 3,00,000 கொருனாவாக இருந்தது; 2024 ஜனவரி 1 முதல் பிறந்த குழந்தைகளுக்கு 3,50,000. என் பையன் ஆறு வாரம் முந்திக்கொண்டான், 50,000 போச்சு. என் கணவர் இன்னும் அவனிடம் கடன் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சரி, அப்பாக்கள் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு ஸ்லோவாக்கியா மேல் பொறாமை வருவது இங்கேதான். செக்கில் அப்பாவுக்கு இரண்டு வாரம், அவ்வளவுதான். அம்மாவோடு எழுதி ஒப்பந்தம் போட்டு மகப்பேற்றுப் பணத்தை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டம் சொல்கிறது, ஆனால் அப்படி மாற்றிக்கொண்ட ஒருவரையும் எனக்குத் தெரியாது. ஸ்லோவாக்கியாவில் அப்பாவுக்கென்றே தனியாக 28 வாரம், அதே 75 சதவீதம், குழந்தைக்கு 3 வயது ஆவதற்குள் எடுத்துக்கொள்ளலாம். அந்த நாட்களில் அதே குழந்தைக்காக அம்மா உதவித்தொகை வாங்கக்கூடாது என்பதுதான் நிபந்தனை. (2022 நவம்பரிலிருந்து இதில் முதல் இரண்டு வாரத்தை பிரசவத்தை ஒட்டி, அம்மாவும் பணம் வாங்கிக்கொண்டிருக்கும்போதே எடுக்கலாம்.) இதற்கும் பெயர் 'மாதெர்ஸ்கே'தான், அதாவது தாய்மைப் பணம். மீசை வைத்த ஆள் "நான் அடுத்த மாசத்திலிருந்து தாய்மை விடுப்பு" என்று மீட்டிங்கில் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. அந்தப் பணத்தையும் வாங்கிக்கொண்டு வேறொரு ஒப்பந்தத்தில் வேலையும் பார்த்தவர்கள் உண்டு, சட்டம் அதைத் தடுக்கவில்லை. அது வேறு கதை.

பணத்தைவிட முக்கியமாக நீங்கள் யோசிக்க வேண்டியது, குழந்தையை எங்கே விடுவது என்பதை. சோஷலிசக் காலத்துக் குழந்தைக் காப்பகங்கள் தொண்ணூறுகளில் மளமளவென்று மூடப்பட்டன. செக்கில் 1990-இல் ஆயிரத்துக்கு மேல் இருந்தவை இருபது வருஷத்தில் ஐம்பதுக்குப் பக்கமாக வந்துவிட்டன. இப்போது 'குழந்தைகள் குழு' என்று 2014 சட்டத்தில் வந்த சிறிய காப்பகங்கள் இருக்கின்றன, இடம் கிடைப்பது அதிர்ஷ்டம். இரண்டு வயதுக் குழந்தையை அங்கே விட்டால் பக்கத்து வீட்டுப் பாட்டி 'கிர்காவ்ச்சீ மாத்கா' என்பார், அண்டங்காக்கைத் தாய் என்று அர்த்தம், பெற்றதைக் கவனிக்காதவள். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்று கேட்டு வளர்ந்த எனக்கு இந்தத் திட்டு புரியவே ஒரு வாரம் ஆனது. ஸ்லோவாக்கியாவிலும் இதே சொல், இதே முகச்சுளிப்பு, காப்பகத்துக்கு இதே தட்டுப்பாடு. இதில் யாரும் யாருக்கும் மேல் இல்லை.

செக்கில் 3 வயதுக்குமேல் ஷ்கோல்காவில், அதாவது நம் எல்.கே.ஜி. மாதிரி, இடம் கேட்க உரிமை உண்டு. இரண்டு வயதுக்கே அந்த உரிமை தரலாம் என்று போட்ட திட்டத்தைக் கைவிட்டுவிட்டார்கள். ஆனால் 3 வயது முடிந்த பிறகு வரும் செப்டம்பரிலிருந்துதான் அந்த உரிமை. என் விடுப்பு 2026 நவம்பரோடு முடிகிறது, பையனுக்கு உரிமையோடு இடம் கிடைப்பது 2027 செப்டம்பரில். 2024-க்கு முன் பிறந்தவன் என்பதால் உதவித்தொகையை மட்டும் பழைய விதிப்படி 4 வயது வரை இழுத்துக்கொள்ளலாம், வேலை அதுவரை காத்திருக்காது. இடையில் இருக்கும் அந்தப் பத்து மாதத்துக்கு அம்மாவை ஊரிலிருந்து வரச் சொல்லியிருக்கிறேன், விசா எத்தனை நாளுக்குக் கிடைக்கும் என்பதைப் பொறுத்து மாமியாரும் முறை மாற்றி வருவார்.

நீங்கள் எந்தப் பக்கம் வந்தாலும் முடிந்தால் ஜூலை, ஆகஸ்டில் பெற்றுக்கொள்ளுங்கள். கிண்டலாகச் சொல்லவில்லை.