ஐஸ் தருகிறவர் போடும் நிபந்தனை

கேள்வி: கூகுள், மைக்ரோசாஃப்ட் எல்லாம் சொந்தத் திறமையில் வளர்ந்த நிறுவனங்கள். பாதியை நமக்கு இலவசமாகவே தருகிறார்கள். அவர்கள் மேல் அரசாங்கங்கள் வழக்குப் போட்டுக் கோடிக்கணக்கில் அபராதம் விதிப்பது, நன்றாகப் படிக்கிற பையனை எழுப்பி நிறுத்தி அடிப்பதுபோல் இல்லையா?
– ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இல்லை. பக்கத்துப் பையனின் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டதற்காகத்தான் எழுப்பி நிறுத்தியிருக்கிறார்கள்.

நம் நாட்டின் 2002ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டம், சந்தையில் ஒருவர் பெரிய ஆளாக இருப்பதைக் குற்றம் என்று சொல்லவே இல்லை. அந்த இடத்தை வைத்து அடுத்தவர் வழியை அடைத்தால்தான் அதன் 4ஆவது பிரிவு பாயும்.

நீங்கள் கடலூர்க்காரர், முதுநகர் துறைமுகத்தை வைத்தே சொல்கிறேன். அங்கே ஒரே ஒரு ஐஸ் கம்பெனிதான் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல ஐஸ், காசும் வாங்குவதில்லை. ஆனால் முதலாளி, "என் ஐஸை ஏற்றுகிற படகில் வலை, பெட்டி, கயிறு எல்லாம் என்னுடையதுதான் இருக்க வேண்டும்" என்கிறார். ஐஸ் இல்லாமல் விசைப்படகு இரண்டு நாள் கடலில் தங்க முடியாது. படகுக்காரர் தலையாட்டிவிட்டுப் போவார். அவரைவிட நல்ல வலை பின்னுகிறவர், வாங்க ஆளில்லாமல் கடையைச் சாத்துவார். ஐஸ் இலவசம் என்பதால் இது சரியாகிவிடுமா?

ஆண்ட்ராய்டு போனில் அந்த ஐஸ்தான் பிளே ஸ்டோர். அது இல்லாத போனை உங்கள் ஊர் இம்பீரியல் ரோட்டில் யார் வாங்குவார்கள்? அது வேண்டும் என்றால் கூகுள் தேடல், குரோம், யூடியூப் என்று மொத்தத்தையும் சேர்த்தே ஏற்ற வேண்டும் என்பதுதான் போன் தயாரிப்பாளர்களுக்கு இருந்த நிபந்தனை. இதையெல்லாம் விசாரித்துத்தான் இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தடை தர மறுத்த பிறகே, இந்தியாவில் செயலிகளைத் தனித்தனியாகத் தரக் கூகுள் ஒப்புக்கொண்டது. கேட்காமல் இருந்திருந்தால் அதுவும் நடந்திருக்காது.

அப்புறம் அந்த இலவசம். போன்களிலும் பிரவுசர்களிலும் தன் தேடலே முதலில் வர வேண்டும் என்பதற்காக, 2021இல் மட்டும் கூகுள் மற்ற நிறுவனங்களுக்குக் கொடுத்தது 2,630 கோடி டாலர். அமெரிக்க நீதிமன்றத்தில் வெளிவந்த கணக்கு இது. நம்மிடம் ஒரு பைசா வாங்காதவருக்கு இவ்வளவு பணம் எங்கிருந்து வருகிறது? விளம்பரம் கொடுப்பவரிடமிருந்து. அவர் அதை நாம் வாங்கும் சோப்பிலும் செருப்பிலும் ஏற்றிவிடுகிறார். அந்த வழக்கில்தான் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, கூகுள் சட்டத்தை மீறித் தன் ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று தீர்ப்பளித்தார்.

அரசுகள் மேல் எனக்கும் கோபம் உண்டு. அவை மெதுவாக வருகின்றன என்பதுதான் அந்தக் கோபம். விண்டோஸோடு தன் பிரவுசரையும் சேர்த்துக் கட்டியதற்காக மைக்ரோசாஃப்ட் மேல் அமெரிக்க அரசு 1998 மே மாதம் வழக்குப் போட்டது. சட்டமீறல்தான் என்று நீதிபதி சொன்னது 2000 ஏப்ரலில். போட்டி பிரவுசரைத் தயாரித்து அதனால் அடிபட்ட நெட்ஸ்கேப் நிறுவனம் அதுவரை தாங்கவில்லை. 1999லேயே ஏஓஎல் நிறுவனத்தின் கைக்குப் போய்விட்டது. செத்த பிறகு வைத்தியர் வந்த கதை.

உங்கள் போன் ஆண்ட்ராய்டு என்றால், இப்போதே ஒன்று செய்து பாருங்கள். அதோடு வந்த கூகுள் செயலியை விரலால் அழுத்திப் பிடித்து, அதன் விவரத்துக்குள் போங்கள். அன்இன்ஸ்டால் என்ற பட்டனைத் தேடுங்கள். பெரும்பாலும் இருக்காது, டிசேபிள் மட்டும் இருக்கும். காசு கொடுத்து வாங்கிய போன் உங்களுடையது, அதில் எது இருக்கலாம் என்று முடிவு செய்வது வேறொருவர். இப்படி ஏற்றி அனுப்பும் செயலிகளை நீக்க வழிவிட வேண்டும் என்று 2022 உத்தரவிலேயே ஆணையம் சொல்லியிருந்தது. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை அப்படியே வைத்துக்கொண்டு, இந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டது. அபராதப் பணம் கஜானாவுக்குப் போகிறது, நம் கைக்கு வர வேண்டிய பட்டன் வரவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பணத்தைவிட அந்தப் பட்டனுக்காகத்தான் நான் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன்.