ரிப்போர்ட் 'நெகட்டிவ்', மாத்திரை சாப்பிடலாமா?

கேள்வி: 12 வருடங்களுக்கு முன் அமாக்சிசிலின் விழுங்கிய அரை மணி நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, உதடு வீங்கிவிட்டது. இப்போது பல் பிடுங்க வேண்டும். ரத்தப் பரிசோதனையில் பென்சிலின் ஒவ்வாமை 'நெகட்டிவ்' என்று வந்திருக்கிறது. தைரியமாகச் சாப்பிடலாமா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தக் காகிதத்தை நம்பி வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துவிடாதீர்கள்.

அமாக்சிசிலினும் பென்சிலின் வகை ஆன்டிபயாடிக்தான். அந்தப் பரிசோதனை ரத்தத்தில் ஐஜிஈ என்ற எதிர்ப்பொருளைத் தேடுகிறது. அரை மணி நேரத்தில் உதடு வீங்கியது என்கிறீர்களே, அது பெரும்பாலும் இந்த ஐஜிஈயின் வேலைதான். ஆனால் வருடங்கள் போகப் போக ரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும்; ஒவ்வாமை போகாமலேயே 'நெகட்டிவ்' வரலாம். இன்னொன்று: ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். 'பென்சிலாயில் ஜி' மட்டும் இருக்கிறதா, 'அமாக்சிசிலாயில்' என்று தனி வரி இருக்கிறதா? முன்னது மட்டும் என்றால், நீங்கள் சாப்பிட்ட மருந்தையே அவர்கள் சோதிக்கவில்லை. 'பாசிட்டிவ்' வந்திருந்தால், உங்கள் கதையோடு சேர்த்து நான் நம்பியிருப்பேன். 'நெகட்டிவ்' இங்கே எதையும் தீர்த்து வைக்காது. (கரப்பான்பூச்சி, கத்தரிக்காய், பென்சிலின் எல்லாவற்றையும் ஒரே ஒவ்வாமைப் பரிசோதனைப் பட்டியலில் போட்டு விற்கிறார்களே, அதைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும்.)

எனக்கு மரியாதை உள்ள ரத்தப் பரிசோதனை டிரிப்டேஸ்தான். கடுமையான ஒவ்வாமை வரும்போது ரத்தத்தில் கூடும் ஒரு பொருள் அது. ஒவ்வாமை வந்த சில மணி நேரத்துக்குள் ரத்தம் எடுக்க வேண்டும். ஒரு முறை அறுவை அரங்கில் மயக்க ஊசி போட்டதும் ஒருவருக்கு ரத்த அழுத்தம் சரிந்தது. எனக்குத் தகவல் வந்தது மறுநாள் காலையில். அதற்குள் டிரிப்டேஸ் இறங்கியிருந்தது. அப்போதே ஒரு குழாய் ரத்தம் எடுத்து வைத்திருந்தால், நடந்தது ஒவ்வாமைதானா என்று ஓரளவு தெரிந்திருக்கும்.

உங்களுக்கு நல்ல செய்தியும் உண்டு. பென்சிலின் ஒவ்வாமை இருந்தவர்களில் 10 வருடம் கழித்துச் சுமார் 80 சதவீதம் பேருக்கு அது போய்விடுகிறது. நீங்களும் அவர்களில் ஒருவரா என்பது தோல் பரிசோதனையிலும், அதன்பின் மருத்துவமனையில் உட்கார வைத்துச் சிறிது சிறிதாக மருந்து கொடுத்துப் பார்ப்பதிலும்தான் தெரியும். ஒவ்வாமை நிபுணரிடம் போங்கள். பழைய மருந்துச் சீட்டு இருந்தால் கையோடு கொண்டு போங்கள்.

பல்லுக்காக இதெல்லாம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சாதாரணமாகப் பல் பிடுங்குவதற்குப் பலருக்கு ஆன்டிபயாடிக்கே தேவைப்படாது. பல் மருத்துவரிடம் பழைய கதையைச் சொல்லிவிட்டு, "எனக்குக் கட்டாயம் வேண்டுமா?" என்று கேளுங்கள். வேண்டும் என்றால் வேறு வகை மருந்து இருக்கிறது.