கல்லீரலுக்கு எதற்கு சர்க்கரை டாக்டர்?

கேள்வி: என் கணவருக்கு வயது 46, எடை 81 கிலோ. மதுவைத் தொட்டதே இல்லை. ஸ்கேனில் 'கிரேடு 2 ஃபேட்டி லிவர்' என்று வந்திருக்கிறது. மூன்று மாத சர்க்கரை அளவு 7.4. கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் எஸ்.ஜி.ஓ.டி. 48, எஸ்.ஜி.பி.டி. 66, பிளேட்லெட் 1.9 லட்சம். குடும்ப டாக்டர், கல்லீரல் டாக்டரிடம் அனுப்பாமல், சர்க்கரை நோயையும் கவனிக்கும் ஹார்மோன் நிபுணரைப் பார்க்கச் சொல்கிறார். அலைக்கழிக்கிறாரா?

பதில்: இல்லை சகோதரி, சரியான இடத்துக்குத்தான் அனுப்பியிருக்கிறார். குடிக்காதவருக்குக் கல்லீரலில் கொழுப்பு சேர முக்கியக் காரணம், இன்சுலின் சொல்பேச்சை உடம்பு கேட்காமல் போவது. தொப்பையில் இருக்கும் கொழுப்பு ஓயாமல் ரத்தத்தில் கசிந்து கல்லீரலுக்கு வருகிறது. போதாக்குறைக்கு, எகிறிக் கிடக்கும் இன்சுலின், சாப்பிடும் மாவுச்சத்தையும் கொழுப்பாக மாற்றச் சொல்கிறது. சர்க்கரை ஏறியதற்கும் இதுதான் வேர். 2023இல் ஃபேட்டி லிவர் நோயின் பெயரையே 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்தது' என்று பொருள்படும்படி மாற்றிவிட்டார்கள்.

ஆனால் 'கிரேடு 2' என்பதை வைத்து மட்டும் பயப்படவோ நிம்மதியடையவோ வேண்டாம். அது கொழுப்பின் அளவைத்தான் சொல்லும். ஆபத்து, கல்லீரலில் விழும் தழும்பில் இருக்கிறது. அதைக் கணிக்க ஃபிப்-4 என்று ஒரு கணக்கு உண்டு. வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, பிளேட்லெட்டையும் (ஆயிரத்தில், அதாவது 190) எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். நீங்கள் எழுதிய எண்களைப் போட்டுப் பார்த்தேன், 1.43 வருகிறது. 1.3க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 2.67க்கு மேல் என்றால் கவலை. உங்கள் கணவர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார். அதனால், கல்லீரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. ஊசி, கத்தி எதுவும் கிடையாது. மூன்று மணி நேரம் சாப்பிடாமல் போனால் போதும். அதில் 8க்குக் கீழே வந்தால் ஹார்மோன் நிபுணரே தொடர்ந்து பார்க்கலாம். அதற்கு மேல் போனால் கல்லீரல் டாக்டரும் சேர்ந்துகொள்ள வேண்டும்.

ஹார்மோன் நிபுணரின் பெரிய வேலை மருந்தைத் தேர்ந்தெடுப்பது. சர்க்கரையைக் குறைக்கும் எல்லா மாத்திரையும் கல்லீரலுக்கு உதவாது. மெட்ஃபார்மின் நல்ல மருந்துதான், ஆனால் தழும்பைக் குறைக்காது. சில மாத்திரைகள் எடையை ஏற்றிவிடும். பியோகிளிட்டசோன் கல்லீரல் அழற்சியைக் குறைக்கும். கால் வீக்கம், எடை கூடுதல் என்ற விலையோடு. செமாகுளுடைட் ஊசி எடையையும் குறைக்கும், பர்ஸையும் குறைக்கும். யாருக்கு எது என்பதை நேரில் பார்ப்பவர்தான் சொல்ல முடியும். தைராய்டு மந்தமாக இருக்கிறதா என்றும் பார்ப்பார். உங்கள் கணவர் கொலஸ்ட்ரால் மாத்திரை போடுகிறார் என்றால், 'லிவர் கெட்டுவிடும்' என்று பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். அது இதயத்தைக் காக்கும் மாத்திரை; ஃபேட்டி லிவர்காரர்களின் உயிரை அதிகம் பறிப்பது இதய நோய்தான்.

எந்த மருந்து கொடுத்தாலும் எடை இறங்கியாக வேண்டும். ஆறு கிலோ குறைந்தால் அழற்சி தணியத் தொடங்கும்; எட்டு கிலோ குறைந்தால் தழும்பே பின்வாங்க வாய்ப்புண்டு. அவசரம் வேண்டாம், ஆறு மாதம் ஆகட்டும். இரவு மூன்று தோசையை இரண்டாக்கி, பக்கத்தில் சுண்டலோ முட்டையோ வையுங்கள். 'லிவர் சுத்தம் செய்யும்' பொடி, கஷாயம் ஏதாவது வீட்டில் ஓடிக்கொண்டிருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவற்றில் சிலவே கல்லீரலைக் கெடுப்பதுண்டு.

போகும்போது ஸ்கேன் ரிப்போர்ட்டை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். பிளேட்லெட் எண் உள்ள ரத்த ரிப்போர்ட்டையும், அவர் போடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டுக்கொள்ளுங்கள்.