வாசகர் கேள்வி – பதில்: நத்தம் கணவாய்

கேள்வி: காரைக்குடியிலிருந்து திண்டுக்கல் போகும்போதெல்லாம் நத்தத்தைக் கடக்கிறோம். அதன் தெற்கே உள்ள கணவாய் வரலாற்றில் பேர் பெற்றது என்கிறார்கள். மதுரைச் சாலையில் போய்ப் பார்த்தால் ஏற்றமே தெரியவில்லையே? அங்குள்ள சிற்றூர்களுக்கு அதனால் என்ன பயன்?
– வாசகர், தேவகோட்டை

பதில்: ஏற்றம் தெரியாததுதான் அதன் சிறப்பு. சிறுமலைக்கும் அழகர்மலைக்கும் நடுவே நிலம் தாழ்ந்து கிடப்பதால், வண்டி மாடும் பீரங்கியும் போகக்கூடிய வழியாக அது இருந்தது. கொடும்பாளூரிலிருந்து மதுரைக்குப் பிரியும் மூன்று வழிகளைச் சிலப்பதிகாரத்தில் கோவலனுக்கு வழி சொல்லும் அந்தணனான மாங்காட்டு மறையோன் விவரிக்கும்போது, வலப்பக்க வழியைச் சிறுமலையோடும் இடப்பக்க வழியைத் திருமால்குன்றமாகிய அழகர்மலையோடும் சேர்த்துச் சொல்லி, நடுவழி ஊர்கள் இடையிட்ட காடுகள் பலவற்றைக் கடந்து செல்லும் என்கிறான். அந்த நடுவழி இக்கணவாயை ஒட்டியே சென்றிருக்க வேண்டும் என்பது என் கருத்து. கல்வெட்டுச் சான்று கேட்டால் என்னிடம் இல்லை.

தாழ்ந்த வழிக்கு ஓர் ஆபத்தும் உண்டு: இரு பக்கத்துக் காட்டையும் அறிந்தவர் கையில்தான் அது இருக்கும். 1755-இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் கர்னல் ஹெரான், கோவில்குடியில் கோயிலைத் தாக்கி எடுத்த பித்தளைத் திருவுருவங்களுடன் திருச்சிக்குத் திரும்பியபோது, கணவாயின் சேற்றில் ஒரு பீரங்கித் தளவாட வண்டி புதைந்து படை இரண்டாகப் பிரிந்தது. முன்னே போனவர்கள் வெகுதூரம் போய்விட்ட நிலையில், பின்தங்கியவர்களை அப்பகுதிக் கள்ளர் சமூகத்தினர் புதர்களுக்குள்ளிருந்து தாக்கி, 'சாமி, சாமி' என்று கூவியபடியே திருவுருவங்களை மீட்டுக்கொண்டு போனார்கள். ஹெரான் பின்னர் இராணுவ விசாரணைக்கு உள்ளாகிப் பதவி இழந்தார். பீரங்கிகளுடன் வந்த படையைத் திணறடித்தவர்கள், அந்தக் காட்டை வீட்டுக் கொல்லைபோல அறிந்திருந்த உள்ளூர் மக்கள்.

சிற்றூர்களின் பிழைப்பு வழிப்போக்கரை மட்டும் நம்பியதன்று. மலையடிவாரத்தில் மழைநீர் தங்குவதால் புளியும் மாவும் செழித்தன. மேட்டு நிலம் ஆடு மாடுகளுக்கு மேய்ச்சலானது. நத்தம் பக்கத்து மலைகளில் பெய்யும் மழை மணிமுத்தாறாகச் சிவகங்கைச் சீமைக்குள்தான் இறங்குகிறது என்பதால், உங்கள் ஊருக்கும் அந்த மலைகளோடு உறவு உண்டு.

காரைக்குடியிலிருந்து மதுரைக்கு நேரே போவதென்றால் திருப்பத்தூர், மேலூர் வழிதான் வசதி. கணவாயைப் பார்ப்பதே நோக்கமென்றால் சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி வழியாக நத்தம் சென்று, பரளிப் பக்கம் தெற்கே இறங்குங்கள். சாலை அகலமாகிவிட்டதால் வண்டியை நிறுத்தி இருபுறமும் பார்த்தால்தான் மலைகள் எவ்வளவு நெருங்கி நிற்கின்றன என்பது விளங்கும்.